சம்பந்தி மெட்டும் நான் திருத்திய நிஷாதமும்

எங்கள் தீவுகளில் இன்றைக்கு ஒரு மெட்டு ஐந்து விதமாக வாசிக்கப்படுகிறது. ஐந்துக்கும் பொறுப்பு நான்தான். பின்னால் யாராவது ஆராய்ச்சி செய்ய வந்து, இது பழைய காவடிச் சிந்து என்றோ, பாய்க்கப்பல் காலத்தில் வந்திறங்கியது என்றோ எழுதிவிடக்கூடாது. அதனால் நடந்ததை நானே எழுதி வைக்கிறேன். அது அயர்லாந்து மெட்டு. என் தம்பியின் மாமனார் அதைப் போனில் வாசித்தார், நான் வேலணையில் இருந்து கேட்டேன்.

நான் தீவுப் பாடசாலைகளில் முப்பது வருடம் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் வாத்தியம் வயலின். பிழை பிடிக்கும் குணம் தொழிலால் வந்ததா, பிறக்கும்போதே வந்ததா என்று அம்மாவைக் கேட்டால், யோசிக்காமல் இரண்டாவது என்பா. கல்யாண வீட்டில் தாலி ஏறுகிற நேரத்தில் எல்லோரும் மணவறையைப் பார்ப்பார்கள். நான் மேளக்காரரைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டிருப்பேன்.

தம்பி படிக்கப் போன நாட்டிலேயே ஓர் அயர்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். வீட்டில் கொஞ்ச நாள் ஒரே கரைச்சல். பிறகு அந்தப் பெண், என் மச்சாள், போனில் வந்து, "ஓம் மாமி, சாப்பிட்டனான்" என்று இரண்டு சொல் தமிழில் சொன்னாள். அம்மா அந்த இடத்திலேயே கவிழ்ந்துவிட்டா. அடுத்த கிழமையே சம்பந்தியையும் பார்க்க வேண்டும் என்று தம்பியை நச்சரிக்கத் தொடங்கினா.

சம்பந்தி எழுபது தாண்டிய மனிதர். மேற்குக் கரையில் கடலோரமாக நாலைந்து மாடு வைத்திருந்தார். பகலில் மாடு, மற்ற நேரம் வயலின். அவருடைய இங்கிலிஷும் நான் படித்த இங்கிலிஷும் ஒரே பாஷை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே முதல் நாளே நாங்கள் பேச்சை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினோம். நான் வழக்கம்போல நிலத்தில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிக்கொண்டு ஒரு வர்ணம் வாசித்தேன். அவர் கவலையோடு மகளிடம் ஏதோ கேட்டார். தம்பி சிரித்துச் சிரித்து அதைத் தமிழில் சொன்னான். உன் அக்கா வீட்டில் கதிரை இல்லையா, நான் ஒன்று அனுப்பட்டுமா என்று கேட்டாராம். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. விறாந்தைக் கதிரை, சமைக்கிற குசினிக் கதிரை, கால் ஆடுகிற கதிரை என்று வீட்டில் இருந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து போனுக்கு முன்னால் காட்டச் செய்தா. அவர் ஒவ்வொரு கதிரைக்கும் மரியாதையாகத் தலையாட்டினார்.

அன்றைக்கு அவர் வாசித்ததுதான் இந்த மெட்டு. மூன்று மூன்றாக எண்ணுகிற நடை, எங்கள் கணக்கில் திஸ்ரம். தகிட தகிட என்று தொடையில் தட்டினால் காவடி ஆடுகிறவனின் கால் தானாக எழும்பும். இரண்டே பாகம். முதற் பாகம் இரண்டு தரம், இரண்டாம் பாகம் இரண்டு தரம், பிறகு மறுபடியும் தொடக்கத்துக்கு. அவர் கதிரையில் இருந்து, சப்பாத்துக் காலால் பலகைத் தரையை உதைத்து உதைத்து வாசித்தார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. ஞாயிறு தவறாமல் பின்னேரம் ஐந்து மணிக்கு, அவருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், போனை அலுமாரியில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் வாசிப்போம்.

மெட்டின் பெயர் கேட்டேன். ஒரு பக்கத்து ஊரில் அதற்கு 'வேலி தாண்டிய வாத்து' என்று பெயராம். மலைக்கு அந்தப் பக்கம் 'சாம்பல் அள்ளின பெண்' என்பார்களாம். அவருடைய ஊரில் பெயரே இல்லை. ஆரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். அவருடைய பாட்டனாருக்கு, ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் ஒட்டுகிற ஒருவர் சொல்லிக்கொடுத்ததாம். அந்த மனிதரைப் பற்றி அதற்கு மேலும் நெடுநேரம் சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரும்பக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாம் விளங்கினவள் மாதிரித் தலையை ஆட்டினேன்.

ஊருக்கு ஊர் மெட்டு மாறும் என்றும் சொன்னார். வீட்டுக்கு வீடும் மாறுமாம். எங்களுக்கும் பாடாந்தரம் என்று ஒன்று உண்டு. ஆனால் பாடாந்தரம் என்றால் அதற்குப் பின்னால் ஒரு குருவின் பெயர் நிற்க வேண்டும். மாடு வளர்க்கிற ஆள் தன்பாட்டில் மாற்றுவதை எப்படிப் பாடாந்தரம் என்பது? எனக்கு அதில் கொஞ்சம் இளக்காரம் இருந்தது. இன்றைக்கு எழுத வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

இனி அந்த நிஷாதத்துக்கு வருகிறேன். 'நி' என்ற சுரத்துக்கு எங்களிடம் இரண்டு இடம் உண்டு, சின்னது ஒன்று, பெரியது ஒன்று. சம்பந்தி இரண்டாம் பாகத்தில் மேலே ஏறி, இறங்கத் தொடங்கும் இடத்தில் ஒரு நி பிடிப்பார். அது சின்னதிலும் சேராது, பெரியதிலும் சேராது. இரண்டுக்கும் நடுவில் போய் நிற்கும். ஆட்டி அசைத்தாலாவது கமகம் என்று மன்னிக்கலாம். இவர் அங்கே போய் அசையாமல் நிற்பார். வயது போன விரல், பாவம், எட்டவில்லை என்று நினைத்தேன். மெட்டைக் கொப்பியில் சுரப்படுத்தி எழுதும்போது அந்த இடத்தில் சின்ன நிஷாதத்தைப் போட்டேன். ஹரிகாம்போதி ராகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கிழவருக்கு ஓர் உதவி செய்துவிட்ட திருப்தியோடு கொப்பியை மூடினேன்.

அதற்குப் பிறகு அது பரவிய வேகம் எனக்கே ஆச்சரியம். அப்போது நான் இன்னும் ஓய்வு பெறவில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன், பரிசளிப்பு விழாவில் வாசித்தார்கள். அதைக் கேட்ட புங்குடுதீவுக் காவடிக் குழு எடுத்துக்கொண்டு போனது. காவடி சுழன்று வர நேரம் காணாது என்று முதற் பாகத்தை மூன்று தரம் ஆக்கிவிட்டார்கள். சம்பந்தி மெட்டு என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். அல்லைப்பிட்டித் தேவாலய வாத்தியக்காரர் சுற்றுப்பிரகாரத்துக்கு அதைப் பாதி வேகத்தில் வாசிக்கிறார்கள். புனிதர் சுருபத்தைத் தோளில் தூக்கினவர்கள் ஓடவா முடியும் என்பது அவர்களுடைய நியாயம். நெடுந்தீவில் ஒருவர் ஆர்மோனியத்தில் வாசிக்கிறார், ஆனால் முதற் பாகம் மட்டும். படகில் போகும்போது பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்ததைக் கேட்டுப் பாடமாக்கினவராம். இரண்டாம் பாகம் வருவதற்குள் கடல் கொந்தளித்து, பக்கத்து மனிதர் சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டார். சம்பந்தியிடம் இதைச் சொன்னபோது கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஐந்தாவது நயினாதீவு. அதில்தான் நான் பிழை விட்டேன்.

நயினாதீவில் ஒரு நாதஸ்வரக்காரர். என் வயதுக்காரர், நல்ல கை, தன்பாட்டில் இருக்கிற மனிதர். ஒரு ஞாயிறு கோயில் திருவிழா நோட்டீஸ் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அலுமாரியில் சாய்ந்திருந்த போனில் சம்பந்தி வாசித்துக்கொண்டிருந்தார். இவர் வாசலிலேயே நின்று மூன்று தரம் கேட்டுவிட்டு, நோட்டீசை என் கையில் தந்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் புங்குடுதீவில் ஒரு கல்யாணம். வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள், பெரிய கூட்டம். பந்தி நடக்கும்போது இவர் அந்த மெட்டை எடுத்தார். அந்த நடு நிஷாதத்தை அப்படியே பிடித்தார். நான் சோற்றுக் கையோடு எழும்பிப் போனேன்.

"அந்த நி சரியில்லை. சுருதி விலகுது."

அவர் வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தார். "அந்த ஐயா வாசிச்சதைத்தான் வாசிச்சனான், ரீச்சர்."

"அவருக்கு விரல் வயசு போச்சு. உமக்கென்ன?"

அதுவரை அவரை நீங்கள் என்றே கதைத்தவள் நான். அன்றைக்கு நூறு பேருக்கு முன்னால் ஒரு படி இறக்கி 'உமக்கு' என்று வந்தது. தவில்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு மூன்று வருடம் அந்த மனிதர் என்னோடு கதைக்கவில்லை. குறிகட்டுவான் இறங்குதுறையில் கண்டால் திரும்பி நின்று கடலைப் பார்ப்பார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்குப் போட்டியாக நானும் கடலைப் பார்த்தேன்.

சம்பந்தி தை மாதத்தில் காலமானார். மாட்டுக் கொட்டிலுக்குப் போய் வந்து, கதிரையில் இருந்தவர் எழும்பவில்லையாம். செய்தி கேட்டு நான் அழுதேன். அந்த ஞாயிறு ஐந்து மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டைக் கூட்டினேன்.

ஒரு மாதம் கழித்து மச்சாள் அழைத்தாள். எங்களுடைய ஆட்டைத்திவசம் மாதிரி அங்கேயும் ஒரு வருடம் முடிகிற நாளில் அயலவர்கள் கூடுவார்களாம். இறந்தவர் வாத்தியக்காரர் என்றால் எல்லோரும் வாத்தியத்தோடு வந்து, அவருடைய மெட்டை அவருடைய குசினியில் வாசிப்பார்களாம். ஆனால் அயலவர்கள் வாசிப்பது பொது மெட்டு, அப்பாவுடையது இல்லை என்றாள். அப்பாவின் மாதிரி ஒருவருக்கும் வரவில்லை. அவர் பதிவு செய்யவும் விட்டதில்லை. யாராவது போனைத் தூக்கினால் வில்லைக் கீழே வைத்துவிடுவார். சின்ன வயதில் அவர் பழக்கக் கூப்பிட்டபோதெல்லாம் இவள் ஓடி ஒளித்தவள். ஒரு வருடம் முடிகிற அன்று அந்தக் குசினியில் வேறொருவருடைய மெட்டுக் கேட்டால், அப்பா இரண்டாம் தரம் செத்த மாதிரி என்றாள். "அக்கா, உங்களிட்ட இருக்குத்தானே?" என்று தமிழில் கேட்டாள்.

ஓம் என்றேன். கொப்பியை எடுத்தேன், வயலினை எடுத்தேன், பெருமையோடு வாசித்தேன். அவள் முடியுமட்டும் கேட்டாள். வடிவாக இருக்கிறது என்றாள். பிறகு முகம் கோணிக்கொண்டு போக, இது அவர் இல்லை என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த நிஷாதத்தைத் தேடி விரலை நடுவில் வைத்தேன். நாற்பது வருடம் சரியான இடத்துக்குப் போய்ப் பழகிய விரல், வழுக்கிக்கொண்டு சரியான இடத்துக்கே போனது. அதை விட மோசம், அவர் அந்த இடத்துக்குக் கீழிருந்து வந்தாரா, நேரே விழுந்தாரா, எவ்வளவு நேரம் நின்றார் என்று ஒன்றும் நினைவில்லை. என் காதில் நான் எழுதியதுதான் இருந்தது. ஒரு மனிதருடைய மெட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே நான் அழித்துவிட்டேன். என்னில் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஆனி மாதம் நயினாதீவுத் திருவிழாவுக்குத் தம்பியும் மச்சாளும் வந்தார்கள். மச்சாள் தகப்பனின் வயலினையும் கொண்டுவந்திருந்தாள். தம்பியை அம்மாவோடு விட்டுவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டு குறிகட்டுவானில் படகு ஏறினேன். காரணம் சொல்லித்தான் கூட்டிப்போனேன். அந்த மெட்டைச் சரியாகக் கேட்ட ஒரே ஆள் அங்கே இருக்கிறார், அவரை நான் பிழை என்று சொல்லிவிட்டேன் என்றேன். படகில் எல்லோரும் பாதுகாப்பு அங்கியை மாட்டிக்கொண்டு அம்மனை நினைக்க, நான் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று வாய்க்குள் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

நாதஸ்வரக்காரர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் குளிர்பானம் விற்கிற ஒரு கூல்பாரும் வைத்திருக்கிறார். கடை நிறையக் கோயிலுக்கு வந்த சனம். என்னைக் கண்டதும் அவர் கண் வழமைபோலக் கடலைத் தேடியது. கடைக்குள் கடல் இல்லாததால் கிளாசைத் துடைத்தார். சனத்துக்கு முன்னால் சொன்னதைச் சனத்துக்கு முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். நான் குரலை உயர்த்தினேன்.

"அண்டைக்குக் கல்யாண வீட்டில நான் சொன்னது பிழை. நீங்கள் வாசிச்சதுதான் சரி. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்."

'நான் பிழை' என்று சொல்லிப் பழக்கம் இல்லாததால் குரல் தேவைக்கு மேலேயே உயர்ந்துவிட்டது. அவர் கிளாசைத் துடைத்து முடித்தார். இரண்டு கிளாசில் நெல்லிரசம் ஊற்றி எங்களுக்கு முன்னால் வைத்தார்.

"இருங்கோ. முதல்ல குடியுங்கோ."

நான் மச்சாளைக் காட்டி, இவ ஆர், என்ன கேட்டு வந்திருக்கிறா என்று எல்லாம் சொன்னேன். கேட்கக் கேட்க அவருடைய முகம் வாடிக்கொண்டு போனது.

"ரீச்சர், நான் இப்ப அப்பிடி வாசிக்கிறேல்லை. நீங்கள் சொன்னாப்பிறகு உங்கட பிள்ளையளிட்டக் கேட்டுத் திருத்திப்போட்டன்."

"என்னோட கோபத்தில எல்லோ இருந்தனீங்கள்?"

"கோபம்தான். ஆனா நீங்கள் ரீச்சர். நீங்கள் பிழை எண்டால் பிழைதானே எண்டு நினைச்சன்."

முப்பது வருடத்தில் எத்தனையோ பேரைத் திருத்தினேன். பாதிப் பேர் காதிலேயே போடவில்லை. இந்த ஒரு மனிதர் மட்டும் முழுதாகக் கேட்டிருக்கிறார். நெல்லிரசக் கிளாசைத் தள்ளி வைத்தேன்.

அவர் உள்ளே போய் நாதஸ்வரத்தை எடுத்துவந்தார். வாசித்தார். என் மெட்டு, என் சின்ன நிஷாதம். மச்சாள் நிலத்தைப் பார்த்தாள். பெரிய நிஷாதத்தை வைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. பத்துத் தரமாவது முயன்றிருப்பார். கடைச் சனம் குடிப்பதை விட்டுவிட்டுப் பார்த்தது. கடைசியில் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த ஐயாவுக்கு இது ஆரிட்ட இருந்து வந்தது எண்டு கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். மச்சாள் சொன்னாள். பாத்திரம் ஒட்டுகிறவர் சொல்லிக்கொடுத்தது. அந்த மனிதர் வயலின் தொட்டதே இல்லை. தோற்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாணல் வைத்த குழல் வாசிக்கிறவர். அந்தக் குழலில் அந்தச் சுரம் அப்படித்தான் வரும். பாட்டனார் அதைக் கேட்டு, வயலினில் அதே இடத்தைத் தேடிப் பிடித்தாராம். முதல் நாள் விளங்காமல் நான் தலையாட்டியது இதற்குத்தான். சம்பந்தி எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

நாதஸ்வரக்காரர் பெரிதாகச் சிரித்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன். "அதுதானே பாத்தன். இது விரல் சுரம் இல்லை ரீச்சர், சீவாளிச் சுரம். அண்டைக்குக் கல்யாண வீட்டில பழஞ்சீவாளியிலதான் வாசிச்சனான். இப்ப விரலால தேடினால் எப்பிடிக் கிடைக்கும்?" வாத்தியத்தில் தொங்கிய, வாயில் வைத்து ஊதுகிற நாணல் சீவாளிகளில் ஊதிப் பழசாகித் தளர்ந்த ஒன்றைத் தேடி எடுத்தார். வாயில் வைத்து நனைத்துப் பொருத்தினார். விரல்களை என் நிஷாதத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் இறுக்கினார்.

வந்தது. கீழிருந்து ஏறி வந்து, அந்த நடு இடத்தில் அசையாமல் நின்றது. மச்சாள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுக்காமலே, "திருப்பியும்" என்றாள். அவர் திருப்பியும் வாசித்தார். அவள் திருப்பியும் என்றாள். எங்கள் படகு போய்விட்டது, அதற்கு அடுத்ததும் போய்விட்டது. கடைச் சனத்துக்கு நானே குளிர்பானம் எடுத்துக் கொடுத்தேன்.

நான் போனில் பதிவு செய் என்றேன். அவள் தலையை அசைத்து மறுத்தாள். தகப்பனின் வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து, நாடிக்குக் கீழே வைத்து, எங்கே விரல் வைப்பது என்று அவரைக் கேட்டாள். வயலினுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுக்க என் கை தானாக நீண்டது. மடக்கிக்கொண்டேன்.

மச்சாள் திரும்பிப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் நயினாதீவுக்குப் போனேன். கூல்பார் மேசையில் போனைச் சாய்த்து வைப்போம். அங்கே நாற்பத்தைந்து வயது மச்சாள் பூனை கத்துவது போல வாசிப்பாள். இங்கே இவர் ஊதிக் காட்டுவார். நான் நடுவில் இருந்து இங்கிலிஷைத் தமிழாக்குவேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். மொழிபெயர்க்கலாம், திருத்தப்படாது. இதற்கிடையில் நெடுந்தீவு ஆர்மோனியக்காரர் இரண்டாம் பாகத்தைத் தானே கட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு என் உடம்புக்கு ஏதும் சுகமில்லையோ என்று பயம் வந்துவிட்டது.

மறு தை மாதத்தில் ஒரு வருடம் முடிந்த நாள். அங்கே மத்தியானம், எங்களுக்குப் பின்னேரம். கூல்பார் மேசையில் சாய்த்து வைத்த போனில் சம்பந்தியின் குசினி தெரிந்தது. பத்துப் பன்னிரண்டு அயலவர்கள் வாத்தியத்தோடு நெருக்கி இருந்தார்கள். மச்சாள் தான் முதலில் தனியாக வாசிக்கப்போவதாகச் சொன்னாள். முதற் பாகத்தைத் தொடங்கினாள். ஐயோ! ஷட்ஜமம் ஓரிடம், பஞ்சமம் ஓரிடம். வில் கரகரத்தது. எனக்குப் பல் கூசியது. கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாம் பாகம் வந்தது. மேலே ஏறினாள். இறங்கும் இடத்தில் அந்த நி வந்தது. அவளுடைய மற்றச் சுரமெல்லாம் விலகிக் கிடக்க, அது மட்டும் அச்சொட்டாக அவருடைய இடத்தில் விழுந்து அசையாமல் நின்றது. குசினியில் இருந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எனக்குக் கண்ணீர் வந்து போன் மங்கலாகத் தெரிந்தது.

நாதஸ்வரக்காரர் என் பக்கம் திரும்பினார். "என்ன ரீச்சர், ஏதும் பிழை சொல்லப்போறியளோ?"

"வாயை மூடுங்கோ," என்றேன். "இரண்டாம் தரம் வருது."